கிரேட் ஓஷன் ரோடு: ஒரு நாள் போதுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் காரில் போய் ஒரே நாளில் திரும்பலாமா? கடலில் குளிக்கவும் கொஞ்சம் நடக்கவும் ஆசை.

பதில்: குளியலும் நடையும் வேண்டுமென்றால் ஒரு நாள் போதாது. வழியிலுள்ள அப்பல்லோ பே என்ற ஊரில் ஓர் இரவு தங்குங்கள். சாலை தொடங்கும் டார்க்கியிலிருந்து மேற்கே ஓட்டினால் கடல் உங்கள் இடப்புறமே வரும். எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஒதுங்கி நிறுத்தலாம்.

லோர்ன் கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அதற்கு வெளியே நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுத்துவிடும். அருகிலுள்ள எர்ஸ்கின் அருவிப் படிகள் ஈரத்தில் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ அவசியம்.

மறுநாள் கிப்சன் ஸ்டெப்ஸ்: 86 படி இறங்கினால் சுண்ணாம்புப் பாறைச் சுவர் தலைக்கு மேல் செங்குத்தாக நிற்கும். கடல் ஏறும்போது மணல் மறைந்துவிடும். ஓத அட்டவணை பார்த்தே இறங்குங்கள். ட்வெல்வ் அப்பாசல்ஸ் என்ற கடல் பாறைத் தூண்களருகே அஸ்தமனம் பார்ப்பதானால் பக்கத்து ஊரான போர்ட் கேம்ப்பலில் இன்னோர் இரவு தங்குங்கள். இருட்டினால் சாலையில் கங்காரு குறுக்கே பாயும்.