மூன்றாம் நாள் டீக்கடையில் தோற்றுவிடுகிறேன், என்ன செய்யலாம்?

கேள்வி: வயது 36. லோடு வேன் ஓட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினம் பத்துப் பன்னிரண்டு சிகரெட். விட நினைத்தால் இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் டீக்கடையில் நின்றதும் கை தானாக நீள்கிறது. தூக்கம் வருவதில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். மாத்திரை இல்லாமல் சமாளிக்க வழி உண்டா, டாக்டர்?

பதில்: உண்டு. முதலில், உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குப் பழகிய மூளை அதிகமாகத் தவிப்பது இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான். அப்புறம் 2 முதல் 4 வாரங்களில் படிப்படியாக அடங்கும். நீங்கள் கைவிடுவது சரியாக அந்த உச்சத்தில். அதனால் நாளைப் பார்த்து ஆரம்பியுங்கள்: ஞாயிறு லீவு என்றால் வெள்ளிக்கிழமை நிறுத்துங்கள். மூன்றாம் நாள் வண்டியும் இல்லை, டீக்கடையும் இல்லை.

அடுத்தது டீ. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில ரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டி, டீ, காபியில் இருக்கும் காஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். நீங்கள் வழக்கமான ஐந்து டீயைத்தான் குடிப்பீர்கள், ஆனால் உடம்பில் தங்கும் காஃபீன் கூடிவிடும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வந்து, ‘சிகரெட் இல்லாததால்தான் இப்படி’ என்று தோன்றும். டீயைப் பாதியாக்குங்கள், மதியம் 3 மணிக்கு மேல் வேண்டாம். முதல் சில வாரம் பார்சல் வாங்கி வண்டியில் உட்கார்ந்து குடியுங்கள். லைட்டர் தொங்கும் அந்தக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, ‘சில்லறையா ஒண்ணு கொடுங்க’ என்று கேட்காமல் இருப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

ஒவ்வொரு ஏக்கமும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தள்ளினால் போதும். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் ஏலக்காயோ கிராம்போ, வறுத்த கடலையோ வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

மாத்திரை வேண்டாம் என்கிறீர்கள், சரி. நிகோடின் சூயிங்கத்தையாவது யோசியுங்கள். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. என்பது பொதுவான கணக்கு. இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள், பிறகு கன்னத்தோரம் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

முதல் வாரங்களில் இருமல் கொஞ்சம் கூடலாம், மலச்சிக்கல் வரலாம், பசி எடுக்கும். பயப்பட வேண்டாம், கீரை, பழம், தண்ணீர் போதும். வீட்டில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘இரண்டு வாரம் நான் கத்தினால் கண்டுகொள்ளாதீங்க’ என்று.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால், ‘போச்சு’ என்று பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். அந்த ஒன்றோடு நிறுத்தி, எந்த இடம், யார் கூட என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரென்றால் புகையை விட்டபின் அதன் அளவு மாற வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, மத்திய அரசின் இலவச எண். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், பாருங்கள்.