வண்டிப் பட்டறை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்): அண்ணா, ஏலத்தில் எடுத்த பழைய 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி வைத்திருக்கிறேன். சித்தேரி மலையடிவாரத்தில் மாந்தோப்பு. பெங்களூரா அறுப்பு சமயத்தில் கூடைகளை ஏற்றிக்கொண்டு கல்மேட்டில் ஏறும்போது, ட்ரான்ஸ்பர் லிவரை லோவில் தள்ளி முதல் கியர் போட்டும் வண்டி நிதானமாக ஏறாமல் தாவுகிறது. கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டினால் கருகல் வாடை. 235/75 டயர் மாட்டியதிலிருந்து ரோட்டிலும் ஐந்தாவது கியரில் இழுப்பு இல்லை. ட்ரான்ஸ்பர் கேஸில் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குக் கொடுக்கும் பெட்டி; ரோட்டுக்கு ஹை, மேட்டுக்கு லோ என்று இரண்டு கியர் அதில் உண்டு) 4.16 கியர் செட் போடச் சொல்கிறார்கள். போடலாமா, காசு தண்டமா?

பதில்: போடலாம் தம்பி. நீங்கள் சொன்ன இரண்டு குறைக்கும் அதுதான் மருந்து. ஆனால் ஏல வண்டி என்கிறீர்கள், முன்னால் யார் எங்கே கை வைத்தார்களோ தெரியாது. அதனால் காசை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்து பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். முன் சக்கர ஹப் இரண்டையும் ஃப்ரீயில் திருப்பிவிட்டு, பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை ட்ரான்ஸ்பர் கேஸ் பக்கம் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ட்ரான்ஸ்பர் லிவர் லோவில். ஜிப்சியில் ட்ரான்ஸ்பர் கேஸ் தனியாகத் தொங்கும், கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் அதற்கு வரும். அந்தக் குட்டி ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, பின் ஷாஃப்டைக் கழற்றிய இடத்தில் கேஸில் தெரியும் தட்டில் (ஃப்ளாஞ்ச்) ஒரு கோடு போட்டுவிட்டு, குட்டி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். ஃப்ளாஞ்ச் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் குட்டி ஷாஃப்ட் இரண்டேகால் சுற்றுக்கு ஒரு நூல் கூடச் சுற்றியிருந்தால் அது கம்பெனி கியர். நாலு சுற்றைத் தாண்டினால் முன்னாடி வைத்திருந்தவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார் என்று அர்த்தம், அப்போது உங்கள் சிக்கல் கிளட்சில்தான், கியரில் இல்லை.

கம்பெனி கியர்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். நம் ஜிப்சியின் வெளிநாட்டுச் சகோதரனான 1.3 லிட்டர் சாமுராயின் எண்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கியர் 3.652, ட்ரான்ஸ்பர் லோ 2.268, ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் பினியன் கியர் 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 31. அதாவது இஞ்சின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பழைய 205/70 டயரோடு இஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் மணிக்கு 4 கிலோமீட்டர் வருகிறது, மனிதன் நடக்கிற வேகம். கல்மேட்டில் அது அதிகம். டயர் பெரிதாகிவிட்டதால் உங்களுக்கு இன்னும் கூடியிருக்கும், அதனால்தான் காலால் கிளட்சைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறீர்கள், அது கருகுகிறது. லோவில் 4.16 வந்தால் அதே பெருக்கல் 57-க்குப் பக்கம் போகும், உங்கள் பெரிய டயரோடும் வேகம் 2.4 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். வயிறு முட்டத் தின்ற எருமை வீடு திரும்புகிற நடை. கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். இறங்கும்போதும் இஞ்சினே பிடித்துக்கொள்ளும், கூடை ஏற்றிய வண்டிக்கு ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும்.

ரோடு விஷயம். ஜிப்சியின் ட்ரான்ஸ்பர் கேஸில் ஹையும் ஒன்றுக்கு ஒன்று கிடையாது, 1.409. இந்த 4.16 செட் ஹையையும் கிட்டத்தட்ட 12 சதவீதம் இறக்கிவிடும். 235/75 டயர் பழைய 205/70-ஐ விட உயரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் பெரியது. ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடுகிறது, ஐந்தாவது கியரில் பழைய இழுப்பு திரும்பி வரும். சின்ன டயரோடு இதைப் போட்டவர்கள்தான் ஓசூர் ரோட்டில் இஞ்சின் கத்துகிறது என்று புலம்புவார்கள். ஒன்று கவனம்: ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்பர் கேஸின் வெளியேறும் பக்கத்திலிருந்து வருவதால், கியர் மாற்றினாலும் டயரால் வந்த பிழை அப்படியேதான் இருக்கும். முள் 60-இல் நிற்கும்போது நீங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். தொப்பூர் இறக்கத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

இனி யாரும் சொல்லாத பக்கம். ஜிப்சி இஞ்சின் அதிகபட்சம் தருவது 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முதல் கியரும் லோவும் சேர்ந்து அதை ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் 850 ஆக்குகின்றன, 4.16 போட்டால் 1560-ஐத் தாண்டும். உராய்வில் போவதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த முறுக்கலை முதலில் வாங்குவது ட்ரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் இரும்புக் கைகளும் (மவுண்ட்) அதன் ரப்பர் புஷ்ஷும்தான். என் வண்டியில் வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு குவாரித் தடத்தில் அந்தக் கைகளில் ஒன்று பிளந்து, கேஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குட்டி ஷாஃப்ட் வண்டியின் வயிற்றில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கியர் செட்டுக்குக் காசு இருந்தது, மவுண்ட்டுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். கேஸைப் பிரிக்கும் நாளிலேயே பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாக மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை இறக்குவது வீண் கூலி. ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ்களையும் ஆட்டிப் பாருங்கள். ஓட்டும்போது சக்கரம் கல்லில் மாட்டினால் ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள், இவ்வளவு இறக்கமான கியரில் கோபப்பட்டால் உடைவது ஆக்சில்தான். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மைபோல இருந்தால் பரவாயில்லை, மினுமினுவென்று துகள் வந்தால் உடனே பட்டறைக்கு.

4.9, 6.5 என்றும் செட்டுகள் உண்டு. தோப்புக்கு வேண்டாம், அது பாறைமேல் போட்டிக்கு ஏறுகிறவர்களுக்கு.

கேள்வி (தேன்கனிக்கோட்டை வாசகர்): ட்ரான்ஸ்பர் கேஸைப் பிரிப்பதற்குப் பதில் கிரௌன் பினியனை மாற்றினால் அதே பலன் கிடைக்காதா? அப்புறம் அஞ்செட்டி காட்டுக்குள் ஓட்டிப் பழகலாமா?

பதில்: கிடைக்காது. கிரௌன் பினியன் எல்லா கியரையும் ஒரே அளவு இறக்கும், லோவை இரண்டு மடங்கு இறக்க நினைத்தால் ரோட்டில் வண்டி நகராது. அதோடு முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே எண் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எதையாவது உடைத்துவிட்டுத்தான் நிற்கும். டயர் பெரிதாக்கியது மட்டும்தான் குறை, மலை ஏறும் வேலை இல்லை என்றால் கிரௌன் பினியன் சரியான வழி.

காடு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், கூடாது. அந்தப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், யானை நடமாடும் இடம். அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. பழக வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டு யாராவது தெரிந்தவர் கொல்லையில் பழகுங்கள், நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்?

கேள்வி (தளி வாசகர்): அப்பா காலத்து சிஜே 3பி ஜீப். லோ போட்டு ஏறும்போது லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. புது ஜீப்களில் லோ 4 இருக்கிறதாமே, அதுபோலப் போட்டால் சரியாகுமா?

பதில்: லோவில் 4 என்பது ரேங்லர் ரூபிகானில். உங்கள் ஜீப்புக்கு அது தேவையே இல்லை. மூன்று கியர் பாக்ஸில் முதல் கியர் 2.798, ட்ரான்ஸ்பர் லோ 2.46, ஆக்சில் 5.38, பெருக்கிப் பாருங்கள், 37 வரும். மேலே சொன்ன கம்பெனி ஜிப்சியை விட அப்பா ஜீப் நிதானமாக ஏறும்.

லிவர் கழல்வது தேய்மானம். ஷிஃப்ட் ராடைப் பிடிக்கும் குண்டும் ஸ்ப்ரிங்கும் முதலில், அது சில ரூபாய் வேலை. அதில் சரியாகாவிட்டால் கியரைத் தள்ளும் ஃபோர்க்கும், லோ கியரின் பல் நுனியும். பல் நுனி சதுரமாக இல்லாமல் சாய்வாகத் தேய்ந்திருந்தால் எந்த ஸ்ப்ரிங்கும் பிடிக்காது, கியரை மாற்றத்தான் வேண்டும். கேஸைத் திறக்கும்போது நடு ஷாஃப்டையும் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் அதுவும் போய்விட்டது. எண்ணெய் அளவையும் கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ் இரண்டிலும் பாருங்கள். இந்த ஜீப்பில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எண்ணெய் இறங்கி, ஒன்று காய்ந்தும் மற்றது வழிந்தும் கிடக்கும்.