1993-ல் வந்த டூமுக்கு இன்னும் புது லெவல்கள் வருவது எப்படி? இப்போது ஆட எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமின் ரசிகர் கூட்டம் கலையாமல் இருப்பது எப்படி, இன்றைக்குப் புதிதாக உள்ளே வருபவர் எந்தக் கோப்பை எதில் போட்டு ஓட்டுவது.

முதல் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில் "மோட் செய்ய வசதியாக இருந்தது" என்பது, அதாவது ரசிகர்களே கேமை மாற்றியமைக்க. அது பாதிதான். மோட் செய்ய வசதியாக இருந்த எத்தனையோ கேம்கள் இன்று இல்லை. டூம் ஆட்கள் பழைய எஞ்சினின் (கேமை ஓட்டும் நிரலின்) நடத்தையை, அதன் பிழைகளோடு சேர்த்து, அணு அளவும் மாறாமல் வைத்திருக்கிறார்கள். 1995-ல் செய்த மேப் (லெவல்) இன்றும் அன்று போலவே ஓடுகிறது. இது தெரியாமல் ஒரு மேப்பை இறக்கி ஏதோ ஒன்றில் ஓட்டினால், செய்தவர் மனதில் இருந்த மேப்பை நீங்கள் ஆடியிருக்கவே மாட்டீர்கள்.

ஐடி சாஃப்ட்வேர் டூமை 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. முதல் எபிசோடின் 9 லெவல்கள் ஷேர்வேராக இலவசம், மீதி இரண்டு எபிசோட் வேண்டுமென்றால் காசு. அதற்கு முந்தைய வருடம் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் ரசிகர்கள் கேமின் கோப்புகள் மேலேயே அழித்தெழுதி லெவலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிரதி எடுத்து வைக்காவிட்டால் அசல் போனது போனதுதான். இதைப் பார்த்த ஐடியின் நிரலாளர் ஜான் கார்மாக், டூமில் நிரலைத் தனியாகவும் படம், ஒலி, இசை, மேப் எல்லாவற்றையும் வாட் என்ற கோப்புக்குள்ளும் வைத்தார்.

வாட் கோப்பு மிக எளிமையானது. தொடக்கத்தில் 12 பைட் தலைப்பு. அதில் முதல் 4 பைட் இது ஐவாடா (கேமின் அசல் கோப்பு), பிவாடா (அதன் மேல் ஏற்றும் கூடுதல் கோப்பு) என்று சொல்லும், அடுத்த 4 உள்ளே எத்தனை லம்ப் (தரவுத் துண்டு) இருக்கிறது என்று, கடைசி 4 பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று. பட்டியலில் ஒரு லம்புக்கு 16 பைட்: இடம் 4, அளவு 4, பெயர் 8. எஞ்சின் ஒரு லம்பைத் தேடும்போது பட்டியலின் கடைசியிலிருந்து தேடும். ஆகவே ரசிகர் செய்த பிவாட்டைப் பின்னால் ஏற்றினால் அதே பெயருள்ள லம்ப் அசலை மறைத்துவிடும். அசல் கோப்பில் கை வைக்கவே வேண்டாம். ஸ்பிரைட்டுக்கும் (அரக்கர், பொருள்களின் படங்கள்) தரைப் படங்களுக்கும் மட்டும் இது சரியாக வேலை செய்யாது. அவற்றைத் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே ஒரே தொகுதியாக எஞ்சின் எதிர்பார்க்கும். அந்தக் காலத்தில் டியூஎஸ்எஃப் போன்ற கருவியால் அசலோடு ஒட்ட வேண்டியிருந்தது. பழைய மோட்டுகளோடு ஒரு பேட்ச் கோப்பு வரும், "இதை முதலில் ஓட்டு" என்று குறிப்பு இருக்கும். காரணம் இதுதான்.

1994 ஜனவரியிலேயே நியூசிலாந்தின் பிரெண்டன் வைபர் டியூ என்ற எடிட்டரை வெளியிட்டுவிட்டார். பெல்ஜியத்தின் ரஃபாயேல் கினே அதில் சேர்ந்துகொண்டார். மேட் ஃபெல் கோப்பின் அமைப்பை முழுக்க எழுதி ஆவணமாகப் பரப்பினார். கிரெக் லூயிஸின் டிஹேக்எட் ஒரு படி மேலே போய் நிரல் கோப்பையே திருத்தி, அரக்கனின் உயிர், வேகம், குண்டின் சேதம் எல்லாவற்றையும் மாற்றியது. ஐடி குறுக்கே நிற்கவில்லை. இலவச ஷேர்வேரில் மட்டும் வெளிக் கோப்பை ஏற்ற விடாமல் எஞ்சினே தடுத்துவிடும். மோட் ஆட வேண்டுமா, முழு கேமை வாங்கு. நல்ல வியாபாரம்தான், யாரும் குறை சொல்லவில்லை.

1994 அக்டோபரில் டூம் 2 வந்ததும் மேப் செய்பவர்கள் மொத்தமாக அங்கே குடியேறினார்கள். தொடர்ச்சியாக 32 லெவல், இரட்டைக் குழல் ஷாட்கன், ஆர்ச்வைல், ரெவெனன்ட், பெயின் எலிமென்டல் என்று கைநிறைய புது அரக்கர்கள். இன்றும் ரசிகர் மேப்புகளில் பெரும்பாலானவை டூம் 2-ஐத்தான் கேட்கும். ஆக, ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். 1996-ல் வந்த ஃபைனல் டூம் ரசிகர்களின் கைவேலை. டிஎன்டி என்ற ரசிகர் குழு தன் லெவல் தொகுப்பான எவிலூஷனை இலவசமாக வெளியிடவிருந்த நேரத்தில் ஐடி அதை விலைக்கு வாங்கியது, காத்திருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. மறுபாதியான புளூட்டோனியா டாரியோ, மைலோ கசாலி சகோதரர்களுடையது. எவிலூஷனின் 31-வது லெவலில் மஞ்சள் சாவிக்கு மல்டிபிளேயர் குறி தவறுதலாகப் போடப்பட்டிருந்தது. தனியாக ஆடினால் சாவியே தோன்றாது, லெவலை முடிக்க முடியாது. பழைய வாட்டை வைத்திருந்தால் இன்றும் இதே கதிதான். திருத்தக் கோப்பு தனியாகக் கிடைக்கிறது.

1997 டிசம்பர் 23-ல் சோர்ஸ் கோட் வெளியானது. டாஸ் பதிப்பின் ஒலி நூலகமான டிஎம்எக்ஸ் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பின் கோடைத்தான் கொடுத்தார்கள். 1999-ல் அது ஜிபிஎல் என்ற சுதந்திர உரிமத்துக்கு மாறியது. அதற்குள் ரசிகர்கள் திருத்திய எஞ்சின்களின் குடும்பம் கிளை பிரிந்துவிட்டது. டிஎன்டி குழுவின் பூம், லீ கில்லோவின் எம்பிஎஃப், ராண்டி ஹைட்டின் இசட்டூம், பிறகு அதிலிருந்து 2005-ல் வந்த ஜிஇசட்டூம். எதிர்த் திசையில் போனது சைமன் ஹோவர்டின் சாக்லெட் டூம். டாஸ் எஞ்சின் எங்கெல்லாம் கவிழுமோ அங்கெல்லாம் கவிழ்வதுதான் அதன் லட்சியம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் டெமோ கோப்பைப் பார்த்தால் புரியும். டூம் தன் ஆட்டத்தை வீடியோவாகப் பதிவதில்லை. ஒரு நொடிக்கு 35 டிக் (எஞ்சின் கணக்கிடும் சிறு கணம்), ஒவ்வொரு டிக்குக்கும் 4 பைட்: முன்பின் நகர்வு, பக்க நகர்வு, திரும்பிய கோணம், அழுத்திய பொத்தான். 1.9 பதிப்பில் தொடக்கத்தில் 13 பைட் தலைப்பு, முடிவில் ஒரு பைட் குறி. ஒரு நிமிட ஆட்டம் 8,414 பைட்டில் அடங்கிவிடும். ரேண்டம் எண்கள்கூட 256 எண்கள் கொண்ட ஒரே அட்டவணையிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. ஆகவே அதே விசை அழுத்தங்களைத் திரும்பக் கொடுத்தால் அதே ஆட்டம் அச்சு அசலாக நடக்கும், எஞ்சின் ஒரு மயிரிழையும் மாறாமல் இருந்தால். எங்கோ ஒரு பிழையைத் திருத்தி ஒரு ரேண்டம் எண் கூடுதலாக எடுக்கப்பட்டால் போதும், டெமோவில் வரும் ஆள் அடுத்த அறையில் சுவரை முட்டிக்கொண்டு நிற்பார். 1994-லிருந்து சேர்ந்த வேக ஆட்டச் சாதனைகள் எல்லாம் இந்தச் சிறு கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பிழைகள் மேப் வடிவமைப்புக்குள்ளேயே ஊறிவிட்டதும் உண்டு. ஓர் அரக்கன் செத்தால் எஞ்சின் அதன் உயரத்தைக் கால் பங்காக்கும். ஆர்ச்வைல் அதை எழுப்பும்போது உயரத்தை நான்கால் பெருக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் பிணம் கதவிலோ கிரஷரிலோ (இறங்கி நசுக்கும் கூரை) நசுங்கினால் அதன் உயரம், ஆரம் இரண்டும் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தை நான்கால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், ஆரத்தையோ எஞ்சின் தொடுவதே இல்லை. விளைவு: சுவரைத் துளைத்துக்கொண்டு வரும், தோட்டா படாத, ராக்கெட் வெடிப்பின் வீச்சுக்கு மட்டும் சாகும் பேய் அரக்கன். சிலர் இதை வேண்டுமென்றே பொறியாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று அன்றாடம் உதைப்பது. அசல் எஞ்சினில் மேப்பில் 20-க்கு மேல் லாஸ்ட் சோல் (பறக்கும் மண்டையோடு) இருந்தால் பெயின் எலிமென்டல் புதிதாக ஒன்றைத் துப்பாது. அதை நம்பி ஒருவர் பத்துப் பெயின் எலிமென்டலை ஓர் அறையில் அடைத்திருப்பார். ஜிஇசட்டூமின் இயல்பான செட்டிங்கில் அந்த வரம்பு கிடையாது, அறை மண்டையோடுகளால் நிரம்பி வழியும். "இந்த மேப் அநியாயம்" என்ற புகார்களில் கணிசமானவை இந்த ரகம்.

இப்போது செய்முறை. கடையில் டூம் 2 வாங்கியதும் கோப்பின் அளவைப் பாருங்கள். 1.9 பதிப்பின் டூம்2.வாட் 14,604,584 பைட். முதல் டூமின் பிற்காலப் பதிப்பான அல்டிமேட் டூமின் டூம்.வாட் 12,408,292 பைட். 14,691,821 என்று வந்தால் அது 2012-ன் பிஎஃப்ஜி எடிஷன். அதில் மருந்துப் பெட்டியின் சிவப்புச் சிலுவை மாத்திரையாக மாறியிருக்கும், 31, 32-வது லெவல்கள் திருத்தப்பட்டவை, தலைப்புப் படத்தின் லம்ப் பெயரும் வேறு. மோட்டுகள் இடறுவது இங்கேதான். 2024 ஆகஸ்ட் 8-ல் வந்த மறுவெளியீட்டில் புது வாட்டும் பழைய வாட்டும் வெவ்வேறு ஃபோல்டரில் இருக்கும், ரசிகர் மேப்புக்குப் பழையதை எடுங்கள். காசு செலவழிக்க மனமில்லையா, ஃப்ரீடூம் இருக்கிறது: படம், ஒலி, மேப் எல்லாம் ரசிகர்களே புதிதாகச் செய்து சுதந்திர உரிமத்தில் கொடுத்தது. பெரும்பாலான மேப் அதில் ஓடும், தோற்றம்தான் மாறும்.

எஞ்சின் இரண்டு போதும். ஜிஇசட்டூமுக்கென்றே செய்தவற்றுக்கு அது, மற்ற எல்லாவற்றுக்கும் டிஎஸ்டிஏ-டூம். பின்னதில், எந்தப் பழைய எஞ்சின் போல நடக்க வேண்டும் என்று சொல்லும் காம்ப்லெவல் என்ற எண்ணைச் சரியாகக் கொடுப்பதுதான் முக்கியம். 2 என்றால் டூம் 2, 3 அல்டிமேட் டூம், 4 ஃபைனல் டூம், 9 பூம், 11 எம்பிஎஃப், 21 எம்பிஎஃப்21 (எம்பிஎஃப்-ஐ விரிவாக்கிய தரம்). மேப்போடு வரும் டெக்ஸ்ட் கோப்பில் எது என்று எழுதியிருக்கும். "லிமிட் ரிமூவிங்" (அசல் எஞ்சினின் வரம்புகளைத் தாண்டியது) என்று மட்டும் இருந்தால் 2 கொடுங்கள். பூம் மேப்பை 2-ல் ஓட்டினால் சில சுவிட்சும் கதவும் செத்துக் கிடக்கும், மேப் பாதியில் நின்றுவிடும். பழைய மேப்பை 9-ல் ஓட்டினால் எல்லாம் ஓடுவது போலத் தெரியும், லாஸ்ட் சோல் கணக்கு மாதிரி சமாச்சாரங்கள் ஓசைப்படாமல் மாறியிருக்கும். இரண்டாவதுதான் மோசம், தவறு நடந்ததே தெரியாது.

எதில் தொடங்கலாம்? எரிக் ஆல்மின் மேப் தொகுப்பான ஸைத் (2003) நல்ல நுழைவாயில். ஆரம்ப லெவல்கள் குட்டிக் குட்டியாக இருக்கும், கடைசிப் பத்து உங்கள் தோலை உரிக்கும். பேக் டு சாட்டர்ன் எக்ஸ் பழைய எஞ்சினின் வரம்புகளுக்குள்ளேயே எவ்வளவு அழகு சாத்தியம் என்று காட்டும். 2018-ல் வந்த எவிடர்னிட்டிக்குக் காம்ப்லெவல் 11 கொடுங்கள், 2023-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கு 21. ஹெல் ரிவீல்ட் (1997), ஏலியன் வெண்டெட்டா (2001) இரண்டும் சரித்திரத்துக்காகப் பார்க்க வேண்டியவை, முதலில் வேண்டாம். 2023-ல் பெரிதாகப் பேசப்பட்ட மைஹவுஸ் ஜிஇசட்டூமுக்கானது. பொட்டலத்தில் வாட் ஒன்று, பிகே3 (ஜிஇசட்டூம் படிக்கும் சுருக்கிய கோப்பு) ஒன்று இருக்கும். வாட்டைத் திறந்தால் சாதாரண வீடுதான், பிகே3-ஐத் திறங்கள். மேற்கொண்டு சொல்லிவிட்டால் கெட்டுவிடும்.

தொடரின் பிற்காலப் பாகங்களில் இந்த மாதிரிக் கூட்டம் வளரவில்லை. டூம் 3 (2004) மோட்டுகளுக்கு இடம் கொடுத்தது, சோர்ஸும் 2011-ல் வந்தது. 2016-ன் டூம் கொடுத்தது கேமுக்குள்ளேயே அடைபட்ட ஸ்னாப்மேப் மட்டும். 2020-ன் எடர்னலுக்கு அதிகாரபூர்வக் கருவிகள் 2024-ல்தான் வந்தன. அதே வருட மறுவெளியீடு பூம், எம்பிஎஃப்21 இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் வகுத்த தரத்தை, கேமை வைத்திருக்கும் நிறுவனமே பின்பற்றும்படி ஆகிவிட்டது.

நீங்களே மேப் செய்யப் போகிறீர்கள் என்றால் அல்டிமேட் டூம் பில்டர் என்ற எடிட்டரை எடுங்கள். திறந்ததும் மேப்பின் ஃபார்மட் கேட்கும். யுடிஎம்எஃப் என்ற புது ஃபார்மட் கவர்ச்சியாகத் தெரியும், பாதி வேலைக்குப் பிறகு டூம் ஃபார்மட்டுக்குத் திரும்புவது பெரும்பாடு, முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆட்டக்காரரின் உயரம் 56, அகலம் 32, ஏறக்கூடிய படி அதிகபட்சம் 24 யூனிட். அரக்கர்களில் மான்குபஸின் ஆரம் 48, அராக்னோட்ரானின் ஆரம் 64. 128 அகல வழியில் அராக்னோட்ரானை விட்டால் அசையாமல் நிற்கும். அசல் எஞ்சினுக்காகச் செய்தால் ஒரே பார்வையில் விஸ்பிளேன் (வரையப்படும் தரை, கூரைப் பரப்பு) 128-ஐத் தாண்டினால் கேம் பிழைச் செய்தியோடு வெளியேறும். டிராசெக் (வரையப்படும் சுவர்த் துண்டு) 256-ஐத் தாண்டினால் செய்தியே வராது, தூரச் சுவர்கள் வரையப்படாமல் கண்ணாடி போலக் கலங்கித் தெரியும். சேவ் கோப்பு 180,224 பைட்டைத் தாண்டினால் சேவ் செய்யும் நொடியில் கேம் போய்விடும். உயரமான திறந்தவெளியில் படிகளும் வெவ்வேறு வெளிச்சமும் சேரும் இடத்தில்தான் விஸ்பிளேன் எகிறும், எடிட்டரிலேயே அதை அளந்து காட்டும் வசதி உண்டு. கடைசிச் சோதனையைச் சாக்லெட் டூமில் வையுங்கள். ஐடிகிளெவ் என்று அடித்து இரண்டு இலக்க எண் கொடுத்து ஒவ்வொரு லெவலையும் வெறும் பிஸ்டலோடு தொடங்கிப் பாருங்கள், முந்தைய லெவலின் ஆயுதம் கையில் இருந்ததால் மறைந்திருந்த தோட்டாப் பஞ்சம் அப்போதுதான் வெளியே வரும்.

வெளியிடும்போது வாட்டோடு டெக்ஸ்ட் கோப்பும் வைக்க வேண்டும். எந்த ஐவாட், எந்த காம்ப்லெவல், எந்த எஞ்சினில் சோதித்தது, யாருடைய டெக்ஸ்சர், இசை என்பதெல்லாம் அதில் வரும். உங்கள் மேப்பை எடுத்து மற்றவர்கள் திருத்திப் புதிதாகச் செய்யலாமா கூடாதா என்று ஒரு வரியும் உண்டு. அதை நிரப்பாமல் விடாதீர்கள். பிறகு உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், அந்த வரியைப் பார்த்துத்தான் அடுத்தவர் முடிவு செய்வார்.