ஹிப் ஹாப் உடைத் தொழில்: கேளுங்கள், சொல்கிறேன்

வெட்டு மேசையில் வேலை கற்று, பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான வடிவத் தாள்) போட்டு, இப்போது டி-ஷர்ட்டும் ஹூடியும் சொந்தப் பெயரில் தயாரித்து விற்கிறேன். ஹிப் ஹாப் கேட்டு வளர்ந்தவள். துணி, அளவு, பிரிண்ட், விலை, பெயர்ப் பதிவு பற்றிக் கேளுங்கள். விளம்பரமும் வெப்சைட்டும் என் துறை இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாம்பிளைத் துவைத்துப் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, பெயர் ரெடி, லோகோ ரெடி. அடுத்து என்ன செய்ய?

லோகோ கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். இதை முதலில் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறவர்கள் யார்? முகம் தெரிந்த இருபது பேராவது மனதில் வருகிறார்களா? டான்ஸ் குழு, ராப் பாடும் நண்பர்கள், ஸ்கேட் செய்பவர்கள், யாராக இருந்தாலும் சரி.

ஃபுபு என்ற அமெரிக்க உடை பிராண்டைப் பாருங்கள். 1992-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஹாலிஸ் என்ற இடத்தில் டேமண்ட் ஜான் வீட்டிலேயே தொப்பி தைத்துத் தெருவில் விற்றார். பிறகு கையிலிருந்த சில சட்டைகளை ராப் பாடகர்களுக்கு வீடியோ ஷூட்டிங்கில் போடக் கொடுப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார். பார்த்தவர்களுக்கு ஊரே ஃபுபு போடுகிற மாதிரி இருந்தது. அதே குயின்ஸைச் சேர்ந்த ராப் பாடகர் எல்எல் கூல் ஜே, 1997-இல் கேப் (Gap) என்ற வேறோர் உடைக் கம்பெனியின் விளம்பரத்துக்கே ஃபுபு தொப்பியோடு போய் நின்றார். தெரிந்த பையன் வளர வேண்டும் என்ற பாசம் அது. அப்படி உங்களுக்காக நிற்கக்கூடிய ஆட்கள் இருந்தால் லோகோ சுமாராக இருந்தாலும் ஓடும்.

கேள்வி: டி-ஷர்ட்டுக்கு எத்தனை ஜிஎஸ்எம்? 180 போதுமா, 240 வேண்டுமா?

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். தெரு ஃபேஷனுக்கு 220 முதல் 260 வரை நல்லது. 180-இல் துணி உடம்போடு ஒட்டித் தொங்கும், பெட்டி மாதிரியான அந்த வடிவம் நிற்காது. ஹூடிக்கு லூப்நிட் (உள்பக்கம் நூல் வளையங்கள் தெரியும் துணி) என்றால் 350-க்கு மேல், கனமாக வேண்டுமென்றால் 400.

ஆனால் ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ரவுண்ட் கட்டர் வைத்துத் துணியில் நாலைந்து இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். வட்டம் 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். கிராமில் எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 2.4 கிராம் என்றால் 240. ஓர் இடத்தில் 240, இன்னோர் இடத்தில் 215 என்று வந்தால் அந்த ரோலை வாங்காதீர்கள்.

அடுத்து, துணியில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று அழியாத மையால் வரைந்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47 ஆகிவிட்டால் ஆறு சதவீதச் சுருக்கம். வாங்கியவர் ஒரே துவையலில் ஒரு சைஸை இழந்துவிடுவார். சட்டையாகத் தைத்த பிறகும் மூன்று தடவை துவைத்துத் தரையில் விரித்துப் போடுங்கள். பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் நிட்டிங்கிலோ ஃபினிஷிங்கிலோ கோளாறு. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) அலையலையாக நெளிந்திருந்தால் ரிப்பில் லைக்ரா என்ற இழுபடும் இழை போதவில்லை, அல்லது தைக்கும்போது அதிகம் இழுத்துவிட்டார்கள். கடையில் மடித்து வைத்திருக்கும்போது இவற்றில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ஓவர்சைஸ் என்றால் டபுள் எக்ஸ்எல் சட்டையை மீடியம் என்று லேபிள் மாற்றினால் போதாதா?

போதாது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

சைஸ் ஏற ஏறக் கழுத்தும் அகலமாகும், நீளமும் கூடும். ஒல்லியான ஆள் டபுள் எக்ஸ்எல் போட்டால் கழுத்து வாய் பிளந்து நிற்கும், சட்டை தொடை வரை இறங்கும். ஓவர்சைஸ் பேட்டர்னில் கழுத்து சாதாரண மீடியம் அளவிலேயே இருக்க வேண்டும். உடல் அகலம் கூடும், தோள் நான்கைந்து சென்டிமீட்டர் கீழே இறங்கும், கை அகலமாகி முழங்கை வரை வரும், நீளம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தோளை இறக்கினால் கைத் துண்டின் மேல் வளைவையும் தட்டையாக்க வேண்டும். பழைய உயரத்திலேயே விட்டால் தோளில் துணி புடைத்து நிற்கும், கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் கூடவே ஏறும். சாம்பிளைப் போட்டவரை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் கார்ல் கனி என்ற உடை வடிவமைப்பாளர் தொடங்கியதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். தொளதொள ஜீன்ஸுக்காகப் பையன்கள் பெரிய சைஸ் வாங்கினார்கள், இடுப்பு நிற்கவில்லை. அவர் துணி வாங்கி, இடுப்பு சரியாக, கால் மட்டும் தொளதொளவென்று டெய்லரிடம் தைக்கக் கொடுத்தார். பெயர் பிறகு வந்தது, அளவு முதலில் வந்தது.

கேள்வி: இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

என் துறை இல்லை. அதையே தொழிலாகச் செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: டிடிஎஃப் நல்லதா, ஸ்க்ரீன் பிரிண்டா?

டிடிஎஃப் என்றால் படலத்தில் அச்சடித்துச் சூட்டில் துணியில் ஒட்டுவது; ஸ்க்ரீன் என்றால் நிறத்துக்கொரு சட்டம் வைத்து மையைத் தேய்த்து அடிப்பது. பத்து இருபது பீஸ், நிறைய நிறம் என்றால் டிடிஎஃப். நூறு பீஸ், இரண்டு மூன்று நிறம் என்றால் ஸ்க்ரீன். நெஞ்சு முழுக்கப் பெரிய டிடிஎஃப் ஒட்டினால் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்ட மாதிரி வேர்க்கும், சின்ன டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீனில் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் கலந்த மை அடித்தால் அது அடிவரை ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக வேண்டும். ஆறியதும் பிரிண்டை இரண்டு பக்கமும் இழுங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை. சிவப்பு பாலியஸ்டர் கலப்புத் துணியில் வெள்ளை அடித்தால் சாயம் ஏறி ஒரு வாரத்தில் ரோஸ் நிறமாகலாம், அதற்கென்று இருக்கிற மையைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: நியூயார்க்கின் ஹார்லெமில் டெய்லர் டாப்பர் டான், கூச்சி, லூயி விட்டான் போன்ற ஆடம்பர பிராண்டுகளின் லோகோக்களை வைத்துத்தானே பெரிய ஆள் ஆனார்? நானும் பெரிய பிராண்ட் லோகோவைக் கொஞ்சம் மாற்றி அடித்தால் என்ன தப்பு?

தம்பி, அந்தக் கதையை முழுசாகப் பாருங்கள். 1982-இல் 125-வது தெருவில் கடை போட்டார். லோகோவைத் தோலில் அவரே ஸ்க்ரீன் பிரிண்ட் செய்து, ஜாக்கெட்டும் கோட்டும் கார் சீட் உறையும் வரை தைத்தார். அந்த வெட்டும் வடிவமும் அந்தக் கம்பெனிகளிடம் கிடையாது. ஹார்லெம் ஆட்களுக்கு ஹார்லெம் டெய்லர் தைத்த உடுப்பு அது. எரிக் பி. அண்ட் ராக்கிம் என்ற ராப் ஜோடி, எல்எல் கூல் ஜே, குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் எல்லோரும் அங்கே தைத்துக்கொண்டார்கள். பிறகு ரெய்டு, வழக்கு, பறிமுதல். 1992-இல் கடையை மூடினார். அவ்வளவு திறமைக்காரர் எத்தனை வருஷம் பெயரில்லாமல் தைக்க வேண்டியதாயிற்று! 2017-இல் கூச்சி அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றைப் போலவே தைத்து வெளியிட்டுக் கண்டனம் எழுந்த பிறகுதான் அவரோடு கைகோத்தது, 2018-இல் ஹார்லெமில் மறுபடி கடை வந்தது. இடையில் போன காலத்தை யார் திருப்பித் தருவார்கள்? எனக்கு இதில் இன்னமும் மனசு ஆறவில்லை.

அதே தம்பி: ஆனால் ஹிப் ஹாப்பே சாம்பிளிங் தானே அக்கா? அடுத்தவர் பாட்டை வெட்டி எடுத்துத்தான் புதுப் பாட்டு. துணியில் மட்டும் ஏன் கூடாது?

சாம்பிளிங்குக்கும் கணக்கு உண்டு. 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மேல் வந்த வழக்கில், அனுமதி கேட்காமல் எடுத்தது தப்பு என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு பெரிய கம்பெனிகள் அனுமதி வாங்கி, காசு கொடுத்துத்தான் சாம்பிள் எடுக்கின்றன. அதோடு, நல்ல புரொட்யூசர் இரண்டு நொடி டிரம்மை எடுத்துத் திருப்பிப் போட்டு, கீழே பேஸ் வைத்து வேறு பாட்டாக்குகிறார். நீங்கள் சொல்வது ரெடிமேட் டி-ஷர்ட்டில் மாற்று எழுத்து. அதில் உங்கள் வேலை எங்கே இருக்கிறது?

இன்னொருவர்: வடிவமைப்பாளர் வர்ஜில் அப்லோ, ரால்ஃப் லாரன் பிராண்ட் சட்டையின் மேலேயே பிரிண்ட் அடித்து 550 டாலருக்கு விற்றாரே? சுப்ரீம் என்ற ஸ்கேட் உடை பிராண்டும் லூயி விட்டான் டிசைனை எடுத்ததே?

இரண்டும் உண்மை. முதலாவது, வர்ஜில் அப்லோ 2012-இல் நடத்திய பைரெக்ஸ் விஷன் என்ற பிராண்ட். சுமார் 40 டாலர் சட்டைகளை விலை கொடுத்து வாங்கி அடித்தார். ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டோடு வேலை செய்து ஒரு கூட்டத்தையே ஏற்கெனவே சம்பாதித்திருந்தார். அதையும் சீக்கிரமே நிறுத்திவிட்டு ஆஃப்-வொயிட் என்ற தன் அடுத்த பிராண்டுக்குப் போய் முழு உடுப்பும் வடிவமைத்தார். சுப்ரீம் 2000-இல் லூயி விட்டான் டிசைன் போட்ட ஸ்கேட் போர்டை இறக்கியதும் வக்கீல் கடிதம் வந்தது, சரக்கை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு கம்பெனியும் சேர்ந்து உடுப்பு வெளியிட்டது 2017-இல். நடுவில் 17 வருஷம் சுப்ரீம் தன் சரக்கை விற்றுத் தன் காலில் நின்றது. கடிதம் வந்த நாளில் உங்கள் பணம் முழுக்க அந்த ஒரே டிசைனில் முடங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்றாமவர்: அக்கா சொல்வது பெரிய கம்பெனிகளுக்கு சாதகம். தெருவில் இருந்து எடுப்பதே அவர்கள்தான்.

எடுக்கிறார்கள், மறுக்கவில்லை. கூச்சியின் அந்த 2017 ஜாக்கெட்டே அதற்குச் சாட்சி. அதனால்தான் உங்கள் டிசைன் உங்கள் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறேன். அடுத்தவர் லோகோவில் கட்டிய கடையை யாராவது திருடினால் நீங்கள் புகார்கூடக் கொடுக்க முடியாது. இந்தப் பேச்சு இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பெயர்ப் பதிவு எப்போது? விற்பனை பிடித்த பிறகு செய்யலாமா?

பிரிண்ட் அடிப்பதற்கு முன்பே. டிரேட்மார்க்கில் உடை, காலணி, தொப்பி எல்லாம் 25-வது வகுப்பு. அந்த வகுப்பில் அதே பெயரோ, காதில் விழும்போது அதே மாதிரி ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவு அந்தந்த நாட்டுக்கு மட்டும்தான் செல்லும். சுப்ரீம் அளவு பெரிய பிராண்டே, இத்தாலியில் வேறொருவர் அந்தப் பெயரில் சரக்கு விற்றதால் பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்தது.

கேள்வி: பெயரும் லோகோவும் ரெடியாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முதல் தடவை எத்தனை பீஸ்? என்ன விலை வைக்கலாம்?

ஒரு டிசைன், இரண்டு நிறம். சைஸ் விகிதம் ஸ்மால் 1, மீடியம் 2, லார்ஜ் 2, எக்ஸ்எல் 1 என்று தொடங்கலாம், உங்கள் ஆட்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து டிசைனை ஒரே நேரத்தில் இறக்காதீர்கள், கடைசியில் ஸ்மாலும் எக்ஸ்எல்லும் மூட்டையாகக் கிடக்கும்.

விலைக்கு: துணி, வெட்டு, தையல், பிரிண்ட், லேபிள், பேக்கிங், கழிவு எல்லாம் சேர்த்து அடக்க விலை. அதை இரண்டு மடங்காக்கினால் கடைக்காரருக்கான விலை, அதை இரண்டு மடங்காக்கினால் வாங்குபவருக்கான விலை. நேரடியாகத்தானே விற்கிறேன் என்று அடக்கத்தின் இரண்டு மடங்கிலேயே நிறுத்தினால், நாளைக்குக் கடைக்காரர் வந்து கேட்கும்போது கொடுக்க உங்களிடம் இடம் இருக்காது.

கேள்வி: பெரிய கடைச் சங்கிலி ஒன்று மொத்தமாகக் கேட்கிறது. கடனுக்குக் கொடுக்கலாமா?

கொஞ்சமாகக் கொடுங்கள். கிராஸ் கலர்ஸ் என்ற உடை பிராண்ட் 1989-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி மூன்று நாலு வருஷத்தில் அமெரிக்கா முழுக்க ஓடியது. அதன் பெரிய வாடிக்கையாளர் மெர்ரி-கோ-ரவுண்ட் என்ற கடைச் சங்கிலி. 1994-இல் அது திவாலானதும் கிராஸ் கலர்ஸுக்குப் பலத்த அடி. உடுப்பில் ஒரு குறையும் இல்லை, ஜனங்களுக்கும் பிடித்திருந்தது. காசு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. ஒரே கடைக்காரரிடம் உங்கள் சரக்கில் பாதிக்கு மேல் நிற்க விடாதீர்கள். முன்பணம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி: ஒரு ராப் பாடகர் இலவசமாக உடுப்பு கேட்கிறார். கொடுக்கவா?

அவர் ஏற்கெனவே இந்த மாதிரி உடுப்பைத்தான் போடுகிறாரா? ஆமாம் என்றால் இரண்டு செட் கொடுங்கள். ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் அடிடாஸ் ஷூவைத் தங்கள் காசில் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1986-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் சொன்னதும் கூட்டமே ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டியது. அதை நேரில் பார்த்த பிறகுதான் அடிடாஸ் ஒப்பந்தம் போட்டது. காசு வாங்கிக்கொண்டு ஒரு நாள் போட்டுக் கழற்றுகிறவரால் அப்படி ஒரு கூட்டத்தைக் காட்ட முடியாது.

கேள்வி: அக்கா, 180 ஜிஎஸ்எம் போதுமா?

இரண்டாவது பதில். துவைத்தும் பாருங்கள்.

கேள்வி: சாம்பிள் நன்றாக வந்தது, துவைத்தும் பார்த்தேன். மொத்த சரக்கு வேறு மாதிரி வந்துவிட்டது. என்ன செய்வது?

சாம்பிள் ஒன்றை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டீர்களா? அடுத்த முறை அதைச் செய்யுங்கள். அளவுச் சீட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதுங்கள்: நெஞ்சுக்கு ஒரு சென்டிமீட்டர், கழுத்துக்கு அரை சென்டிமீட்டர். ஜிஎஸ்எம்முக்கு ஐந்து சதவீதம். இப்போது வந்திருக்கும் சரக்கில் ஒவ்வொரு சைஸிலும் சில பீஸை எடுத்து அளந்து, போட்டோவோடு இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பதில் வரும் வரை கொடுக்க வேண்டாம்.