காடியோடு (காரோடு) வந்த ரேடியோ-நேவிகேஷன் செட் சூடாகி அணைந்துவிடுகிறது. புதுசு மாற்றித்தான் ஆகவேண்டுமா?

முக்கால் மணி நேரம் ஓட்டினால் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது, திரை கறுப்பாகிறது, அரை மணி ஆறவிட்டால் தானே திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் “போர்டு போச்சு, ஆண்ட்ராய்டு செட் மாட்டிடுங்க” என்றார்களாம். கொஞ்சம் பொறுங்கள். ஆறினதும் எழுந்துகொள்ளும் செட் செத்த செட் அல்ல. சூடு அளவு மீறினால் அணைந்துகொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

எனக்கும் இதே தலைவலி இருந்தது. என்னுடையது ஜப்பானில் ஓடி, பிறகு இங்கே இறக்குமதியான ரீகண்ட் எம்பிவி, அதாவது குடும்பத்தோடு போகும் பெரிய காடி. வீடு பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறை ஊரில், வேலை தீவில் பாயான் லெப்பாஸில், தினமும் பினாங்குப் பாலம். பாலத்து ஜாமில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திரை போய்விடும், மின்னல் எஃப்எம் பாதிப் பாட்டில் நிற்கும். அணைவதற்கு முன் ஜப்பானிய எழுத்தில் ஏதோ ஒரு வரி வரும். அந்தக் காடி சும்மாவே ஓயாமல் பேசும். ஸ்டார்ட் செய்த உடனே ஜப்பான் டோல் கார்டைச் செருகவில்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஆகவே அந்த வரியையும் நான் சட்டை செய்யவில்லை. ஐந்து மாதம் கழித்து என் மகள் போன் கேமராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தாள். “வெப்பநிலை அதிகம், இயக்கம் நிறுத்தப்படுகிறது” என்று இருந்தது.

விசாரித்த எல்லோரும் நம் ஊர் வெயிலைத்தான் சொன்னார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மொட்டை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொட்டுவிடும். முன் கண்ணாடிக்குக் கறுப்பாக டிண்ட் ஒட்டவும் வழியில்லை, 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பது ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) விதி. வெயில் மறைக்கும் அட்டை வைத்தால் நல்லதுதான். ஆனால் நான் காலை ஆறேகாலுக்கு இருட்டோடு கிளம்புகிறவன். பினாங்கில் பொழுது விடிவதே ஏழுக்கு மேல். ராத்திரி முழுக்க போர்ச்சில் நின்ற காடி, ஏர்கோன் வேறு ஓடுகிறது, அப்போதும் செட் அணைந்தது. அதற்குப் பிறகு வெயில்மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. நான் வேலை செய்வது எலக்ட்ரானிக் தொழிற்சாலையில். காடிக்குப் போகும் சிப்களைச் சுற்றுப்புறச் சூடு 85, 105, 125 டிகிரி என்று தரம் பிரித்துச் சோதிப்பார்கள். வெயில் மட்டும் அவற்றை எளிதில் வீழ்த்திவிடாது. செட் தானே உண்டாக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குவதுதான் ஆபத்து.

ஆகவே நீங்கள் முதலில் செய்யவேண்டியது, எப்போது அணைகிறது என்று ஒரு வாரம் குறித்துவைப்பது. வெயிலில் நிறுத்தி எடுத்த நாளில் மட்டும்தான் என்றால் அட்டையும் நிழலும் போதும். என்னைப்போல் குளிர்ந்த காலையிலும் அணைந்தால், ஒருநாள் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப் சிப் செட்டுக்குள்ளேயே, பின்பக்க உலோகத் தகட்டோடு ஒட்டி இருக்கும். பெரும்பாலான செட்டுகளில் அதிகம் சூடாவது அதுதான். சத்தம் இல்லாதபோது சுடவில்லை என்றால் ஸ்பீக்கர் பக்கம் போங்கள். 4 ஓம் இருந்த இடத்தில் யாராவது 2 ஓம் ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் அதே சத்தத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். கதவு மடிப்பில் வயர் நைந்து ஒன்றோடொன்று தொட்டாலும் ஆம்ப் கொதிக்கும். போன் சார்ஜ் செய்வதால் செட் சுடுகிறதா என்று பார்க்க, மறுநாள் அந்த வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள்.

எனக்கு இரண்டிலுமே மாற்றம் தெரியவில்லை. பிறகுதான் பட்டர்வொர்த்தில் காடி வயரிங் பார்க்கும் ஒரு வயர்மேன் அண்ணனிடம் போனேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தார், 14.1 வோல்ட். அது சரியான அளவுதான், 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கவேண்டும். அடுத்து ரேடியோவை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் காதை வைத்தார்.

“ஃபேன் சத்தமே வரலையே தம்பி?”

இதில் ஃபேன் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நேவிகேஷன் உள்ள பல செட்டுகளுக்குப் பின்னால் நாலு சென்டிமீட்டர் அளவில் ஒரு குட்டி ஃபேன் உண்டு. செட்டை வெளியே இழுத்தபோது ஃபேன் தூசியில் கம்பளி போர்த்தியதுபோல் நின்றிருந்தது. அதன் வாயை அடைத்தபடி கறுப்பு டேப் சுற்றிய ஒரு வயர் மூட்டை. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும், நமக்கு 87.5 முதல் 108 வரை. நம் நிலையங்கள் எல்லாம் கேட்கவேண்டும் என்றால் ரீகண்ட் காடியில், அவற்றை ஜப்பான் செட் பிடிக்கும் எல்லைக்குள் இறக்கித்தரும் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு டப்பா வைப்பார்கள். அந்த டப்பாவும் டேஷ்கேம் வயரும் சேர்த்து, இருந்த காலி இடத்தில் திணித்திருந்தார்கள்.

“மூக்கை அடைச்சு வச்சிட்டு மூச்சு விடுன்னா எப்படி விடும்?” என்றார் அண்ணன்.

அதே அளவில் 12 வோல்ட் ஃபேன் 30 வெள்ளி (ரிங்கிட்), கூலி 80 வெள்ளி. டப்பாவையும் வயர்களையும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒதுக்கினார். ஆண்ட்ராய்டு செட்டுக்கு எனக்குச் சொன்ன விலை 1,400 வெள்ளி.

உங்கள் காடி ரீகண்டாக இல்லாவிட்டாலும், வாங்கிய பிறகு டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, அலாரம் என்று எதுவாவது மாட்டினீர்களா, அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லையா என்று யோசித்துப் பாருங்கள். வாரண்டி இருந்தால் நீங்களோ வெளிக் கடையோ திறக்கவேண்டாம். ஐஸ் பை, ஈரத்துணி யோசனையெல்லாம் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். டேஷ்போர்டைப் பிரிக்கும்முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது நல்ல பழக்கம், ஏர்பேக் வயர்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஆனால் பேட்டரி கழன்றால் சில செட்டுகள், முக்கியமாக ஜப்பான் செட்டுகள், பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல செட்டே கல்லாகிவிடும்.

பூட்டிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் செட் தூங்கவே இல்லை. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், அதை வயர்மேனிடம் தனியாகச் சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் சோதனை எதுவும் வேண்டாம், பியூஸைப் பிடுங்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போங்கள்.

ஃபேன் ஓடி, வயர் ஒதுங்கி, வோல்ட் சரியாக இருந்தும் சத்தமில்லாமலே சுடுகிறது என்றால்தான் போர்டு. அப்போதும் ஆண்ட்ராய்டு செட்டுக்குச் சரி சொல்லும்முன், ஏர்கோன் கட்டுப்பாடும் ரிவர்ஸ் கேமராவும் பழைய திரைக்குள் இருக்கின்றனவா, புது செட்டில் அவை வேலை செய்யுமா என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.