கலங்கல் எப்போது இறுகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். மெழுகு உருவின்மேல் பூசும் முதல் வண்டல் குழம்பில் ஒரு கைப்பிடி மண் கூடினாலும் சட்டென்று கெட்டியாகிவிடுவது ஏன்?

பதில்: தொடக்கத்தில் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, மெல்லத்தான் ஏறும். கன அளவில் 2 சதவீதம் நுண்ணுருண்டைகள் மிதந்தால் பாகுநிலை ஏறத்தாழ 5 சதவீதமே கூடும் என்பது ஐன்ஸ்டைன் 1906இல் வெளியிட்டு, 1911இல் பிழை திருத்திய கணக்கு. (அவருக்கும் கணக்கு பிசகியது என்பதில் நமக்கோர் ஆறுதல்.) துகள்கள் ஒன்றையொன்று பாதிக்காத தொலைவில் இருக்கும்வரைதான் அது செல்லும். நெருக்கம் கூடினால் ஒன்று நகர மற்றொன்று வழிவிட வேண்டும். ஒரே அளவுள்ள உருண்டைகள் ஒழுங்கின்றிக் குவிந்து கன அளவில் ஏறக்குறைய 64 சதவீதத்தை எட்டினால் ஓட்டமே நின்றுவிடும். களித்துகளோ உருண்டையன்று, தகடு. தன்னைச் சுற்றி நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் மிகக் குறைந்த அளவிலேயே இறுகும். எனவே கடைசிக் கைப்பிடியைக் கொட்டாமல், சிறிது சிறிதாகத் தூவி ஊறவிட்டுக் கலக்குங்கள். நகை வேலைப்பாட்டின் வரிப்பள்ளங்களில் இறங்க வேண்டியது இந்தப் பூச்சுதான். கெட்டிக்கு வயல் களிமண்ணும் மணலும் அடுத்த பூச்சுகளில் வருகின்றனவே.

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல். தொழியில் (உழுது கலக்கிய சேற்றில்) நடக்கும்போது எளிதாக வரும் கால், சற்று நின்று பேசினால் ஏன் சிக்கிக்கொள்கிறது?

பதில்: களித்தகடுகள் 2 மைக்ரானுக்கும் சிறியவை, அவற்றின் முகத்தில் எதிர் மின்சுமையும், பெரும்பாலும் விளிம்பில் நேர் மின்சுமையும் இருக்கும். சேறு அசையாதிருந்தால் விளிம்பு முகத்தோடு ஒட்டி, சீட்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு போன்ற பின்னல் உருவாகி, இடைநீரைச் சிறைப்படுத்துகிறது; கலக்கினால் அது உடைந்து சேறு இளகும். காலை நேர்மேலே இழுத்தால் உள்ளங்காலுக்கு அடியில் காற்று புக வழியின்றிச் சேறு உறிஞ்சிப் பிடிக்கும். கணுக்காலை இப்படியும் அப்படியுமாக அசைத்து, குதிகாலை முதலில் தூக்குவதே முறை. நடவாட்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வது இதைத்தான்.

கேள்வி: சோளமாவுக் கரைசல் மெல்லக் கலக்கினால் ஓடுகிறது, குத்தினால் கல்லாகிறது. சேறும் அப்படியா?

பதில்: நேர்மாறு. மாவுமணிகள் தாமாக ஒட்டிப் பின்னல் கட்டுவதில்லை; வேகமாக அழுத்தினால் இடைநீர் விலக நேரமின்றி மணிகள் உரசிப் பூட்டிக்கொள்கின்றன.

கேள்வி: பூம்புகாரில் கலங்கி வரும் காவிரி நீர், கடலைத் தொட்டதும் தெளிவது எதனால்?

பதில்: உப்பினால். ஆற்றுநீரில் ஒன்றையொன்று விலக்கி மிதந்த துகள்களின் மின்விலக்கம், உப்புநீரில் வெகு அருகில்தான் எட்டும்; நெருங்கியவை ஒட்டித் திரண்டு, எடை கூடி, அடியில் படிகின்றன. ஒரு குவளைக் கலங்கல் நீரில் அரைக்கரண்டி உப்பைக் கரைத்து, உப்பில்லாக் குவளையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.