ஜெபத்துக்குப் பிறகு அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டால்

நிறுத்தக் கூடாது. இன்றே டாக்டரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். கடலூர் ஜெபக் கூட்டத்துக்குப் பிறகு ஊசி போடுவதே அவிசுவாசம் என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேதத்தில் அப்படி இல்லை. வியாதிப்பட்ட எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். ஆனாலும் கட்டியின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி (ஏசாயா 38:21). பவுலே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாகத்தான் மிலேத்து பட்டணத்தில் விட்டு வந்தார். பவுலுக்கு விசுவாசம் குறைவா?

மாத்திரையை விட்டேன் என்று யாரோ சாட்சி சொன்னதைக் கேட்டிருப்பார், பாவம்.

அம்மாவிடம் வாதாடாதீர்கள், லூக்கா 17-ஐச் சேர்ந்து வாசியுங்கள். பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொன்னது இயேசுவேதான்; குணமானதைப் பார்த்து உறுதிசெய்வது அன்று ஆசாரியர்கள்தான். அதுபோல புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ வழக்கமான டாக்டரிடமோ சர்க்கரை அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் மருந்தை அவரே குறைப்பார்.

ஒன்று: விட்டுப்போன ஊசிக்காக அளவைக் கூட்டிப் போடாதீர்கள். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள், வழியில் ஜெபியுங்கள்.